‘கொஞ்சம் அடக்கி வாசி’ என்கிறார்கள், மேடம்

கேள்வி: வணக்கம் மேடம். நான் ஒரு பேரூராட்சியில் வார்டு கவுன்சிலர், வயது 36. 2022 தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் கட்சிச் சின்னத்தில் நின்று ஜெயித்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் பெண்கள் கழிப்பறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஆனால் பராமரிப்பு பில் மட்டும் மாதா மாதம் பாஸ் ஆகிறது. மன்றக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். தலைவரும் பெண்தான், ஆனால் பதில் சொன்னது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவர் கணவர். ‘இது பொம்பளைக்கு ஒதுக்கின இடம், உங்க வீட்டுக்காரரை எழுந்து போகச் சொல்லுங்க’ என்று தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அந்த வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. அதற்கு முன்பே மகளிர் தினக் கூட்டத்தில் ‘நான் பெண்ணியவாதிதான்’ என்று பேசியது சிலருக்கு உறுத்திக்கொண்டிருந்தது. இப்போது வாட்ஸ்அப் குரூப்களில் என் முகத்தை வேறு உடம்பில் ஒட்டிப் படம் சுற்றுகிறது. ராத்திரி போன் செய்து ‘உன்னை இல்லாமல் ஆக்கிடுவோம்’ என்கிறார்கள். எங்கள் கட்சியின் பேரூர்ச் செயலாளர் ‘அடுத்த தடவை சீட்டு வேணுமா வேணாமா, கொஞ்சம் அடக்கி வாசிம்மா’ என்கிறார். கணவர் நல்லவர், ஆனால் பயப்படுகிறார். போலீசுக்குப் போகட்டுமா, ராஜினாமா செய்யட்டுமா, இல்லை வாயை மூடிக்கொண்டு மிச்ச காலத்தை ஓட்டட்டுமா? ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் கூடப் படிக்கும் பையன் அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறான்.

பதில்:

மகள் விஷயத்தைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன், ஏனென்றால் உங்களை உண்மையில் உலுக்கியது அதுதான் என்று தோன்றுகிறது. மற்றதெல்லாம் நீங்கள் தாங்கியிருப்பீர்கள்.

நான் மனநல ஆலோசகர் இல்லை, 22 வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிற ஆள். ஆனாலும் இந்த மாதிரி வழக்குகளோடு வரும் அம்மாக்களிடம் முதலில் கேட்பது இதைத்தான்: வீட்டில் இதைப் பற்றி வாய்விட்டுப் பேசினீர்களா? பெரும்பாலும் பேசியிருக்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தெரியும், தெரியும் என்று அம்மாவுக்கும் தெரியும், இரண்டு பேரும் தெரியாத மாதிரி சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். இன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லுங்கள். இது பொய்ப் படம், இதைச் செய்தவன் யார் என்று கண்டுபிடிக்கப் போகிறோம், கழிப்பறை பில்லைப் பற்றி அம்மா கேட்டதால்தான் இது வந்தது என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு பில் என்றால் என்ன என்று புரியும், பூட்டிய கழிப்பறை என்றால் அதைவிட நன்றாகப் புரியும். அப்புறம் அவள் பேசட்டும். ‘கட்சியை விட்டுடும்மா’ என்று அவள் சொன்னால் கோபப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பையனும் சின்னப் பையன்தான், அவனை ஸ்டேஷனுக்கு இழுக்க வேண்டாம். தலைமையாசிரியரை நேரில் பாருங்கள், போனில் பேசாதீர்கள், முடிந்தால் கணவரோடு போங்கள். அவனுக்கு அந்தப் படம் எந்த போனிலிருந்து வந்தது என்பது மட்டும் நமக்குத் தெரிந்தாக வேண்டும். எனக்கு வந்த இப்படி ஒரு வழக்கில் முதல் நுனி கிடைத்ததே பிள்ளைகள் வழியாகத்தான்.

சரி, இப்போது போலீஸ். போங்கள். இதில் எனக்கு இரண்டு யோசனை இல்லை. ஆனால் வெறும் கையோடு போகாதீர்கள்.

நீங்கள் அந்த குரூப்பில் இல்லை என்று நினைக்கிறேன், யாரோ காட்டித்தான் பார்த்திருப்பீர்கள். காட்டியவரின் போன்தான் சாட்சி. அனுப்பியவன் நம்பர், குரூப் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரிகிற மாதிரி அவரை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள். அந்த உரையாடலை அழிக்கவோ, போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ கூடாது என்றும் சொல்லி வையுங்கள். பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும், பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி தான் வேறு எண்ணில் வந்திருக்கிறது. மூல போன் கைவிட்டுப் போனால் அங்கேதான் வழக்கு நொண்டும். ராத்திரி வரும் அழைப்புகளுக்கு ஒரு நோட்டுப் போட்டு நம்பர், நேரம், சொன்ன வார்த்தை என்று அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் புள்ளி வைக்காமல் எழுதுங்கள். இன்னொன்று, அந்தப் படத்தை ‘இங்க பாருங்க என்ன பண்ணியிருக்கானுங்க’ என்று நீங்களே அக்கா தங்கைக்கோ பத்திரிகைக்காரருக்கோ அனுப்பிவிடாதீர்கள். ஆபாசப் படத்தை அனுப்புவது யார் செய்தாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-இல்தான் வந்து நிற்கும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

புகாரை எழுத்தில் கொடுங்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் பொருந்தும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல், செயல் என்றால் 79, மிரட்டலுக்கு 351. படத்துக்கு மேலே சொன்ன 67, படம் இன்னும் மோசமாக இருந்தால் 67ஏ. தமிழ்நாட்டின் 1998 பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டமும் இருக்கிறது. எண்கள் உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை, ஒரு வக்கீல் எழுதிக் கொடுப்பார். உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ஸ்டேஷனில் மனுவை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கையில் கொடுத்து, ‘நாங்க பாத்துக்கறோம், போங்கம்மா’ என்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. சில குற்றங்களில் முதல்கட்ட விசாரணைக்கு 14 நாள் எடுத்துக்கொள்ளலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஒரு வாசல் திறந்து வைத்திருக்கிறது, அதைக் காட்டி இழுப்பார்கள். இழுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

குரூப் அட்மின் மேல்தான் கேஸ் போட வேண்டும் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். மற்றவர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக அவர் பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் 2021, 2022-இல் சொல்லிவிட்டன. படத்தைப் போட்டவன், தெரிந்தே பரப்பியவன், இவர்கள் பெயரைக் கொடுங்கள். அட்மினைச் சாட்சியாக்கினால் அவர் பயத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுவார். பேஸ்புக் மாதிரி இடங்களிலும் படம் ஏறியிருந்தால் அந்த நிறுவனத்துக்கே புகார் அனுப்புங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இந்த மாதிரி ஒட்டுப் படத்தைப் புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று கெடு வைத்தன.

மிரட்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்களைப் பயமுறுத்த இல்லை. மதுரை வில்லாபுரத்தில் லீலாவதி என்று ஒரு மாநகராட்சி கவுன்சிலர் இருந்தார், நெசவுக் குடும்பம், மார்க்சிஸ்ட் கட்சி. தன் பகுதிக்குக் குடிநீர் கேட்டுப் போராடினார். 1997 ஏப்ரல் 23 அன்று நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். குடிநீரும் கழிப்பறையும் கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் அதற்குப் பின்னால் யாருடைய வருமானமாவது இருக்கும். அதனால் ‘சும்மா குடிச்சிட்டு உளர்றான்’ என்று எந்த மிரட்டலையும் தள்ளாதீர்கள். எஸ்.பி. ஆபீசில் கொடுக்கும் மனுவில் பாதுகாப்புக் கேட்பதையும் ஒரு பத்தியாகச் சேருங்கள். கொஞ்ச நாளைக்கு இருட்டின பிறகு தனியாக ஸ்கூட்டியில் போக வேண்டாம். பெண்ணியவாதி இப்படிச் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம், சொல்லலாம்.

இனி ‘அடக்கி வாசி’.

உங்கள் செயலாளர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த அரசியல் அதுதான். ஆனால் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆம்பளைக் கவுன்சிலர் பில்லைக் கேட்டால் ‘கமிஷன் வரலைன்னு கத்துறான்’ என்பார்கள். அதுவும் அவதூறுதான், ஆனால் பேச்சு பில்லை விட்டு நகராது. பெண் கேட்டால் யாரோடு போனாள், புருஷனை மதிக்கிறாளா, ஏன் இவ்வளவு சத்தம், ஏன் நெற்றியில் பொட்டு சின்னதாக இருக்கிறது என்று பேச்சு எங்கேயோ போய்விடும், பில் பத்திரமாக பாஸ் ஆகிவிடும். இது உங்கள் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தலை ஒட்டிய மூன்று மாதங்களில் இந்தியாவின் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்டு வந்த 1,14,716 ட்வீட்டுகளை அம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு ஆராய்ந்து பார்த்ததில் 13.8 சதவீதம் வசையோ வசைக்குப் பக்கத்திலோ இருந்தது, ஏறக்குறைய ஏழில் ஒன்று. பல கட்சிப் பெண்களும் அதில் இருந்தார்கள். சாதுவாகப் பேசினால் விட்டுவிடுவார்கள் என்பது நம் செயலாளர்களின் நம்பிக்கை.

இதில் என் சொந்தத் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கிட்டத்தட்ட உங்கள் நிலையில் ஒரு ஒன்றியக் கவுன்சிலர் என்னிடம் வந்தார். நான் அப்போது கொஞ்சம் சூடான ஆள். பிரஸ் மீட் வையுங்கள், மறுப்பு அறிக்கை கொடுங்கள், உங்கள் குடும்பத்தையும் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று சொன்னேன். வைத்தார். மறுநாள் உள்ளூர்ப் பதிப்புகளில் ‘நான் ஒழுக்கமானவள்: பெண் கவுன்சிலர் கண்ணீர்’ என்று வந்தது. அவர் கேட்டிருந்த ரோடு கணக்கைப் பற்றி ஒரு வரி இல்லை. கணவரும் பிள்ளைகளும் சாட்சி சொல்லி நிரூபிக்க வேண்டிய விஷயமாக அவருடைய ஒழுக்கத்தை மாற்றியதே நான்தான். அன்றிலிருந்து யாரையும் நான் மறுப்பு சொல்ல விடுவதில்லை. புகார் கொடுத்தாகிவிட்டது, போலீஸ் பார்த்துக்கொள்ளும், நீங்கள் பஸ் ஸ்டாண்ட் பில்லுக்குப் பதில் சொல்லுங்கள். நூறு தடவை கேட்டாலும் இதே பதில். சலிப்பாக இருக்கும்தான்.

பில்லை எப்படிப் பிடிப்பது? கூட்டத்தில் கேட்டதோடு நின்றுவிட்டீர்கள் போலத் தெரிகிறது. பேரூராட்சியின் செயல் அலுவலருக்கு எழுத்தில் கேள்வி கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். கூடவே பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு ஆர்.டி.ஐ. மனு, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு. எட்டு மாத பில்கள், ஒப்பந்ததாரர் விவரம், பணி முடிந்ததாகக் கையெழுத்திட்ட அதிகாரி யார், இதெல்லாம் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். பூட்டிய கதவைத் தேதி தெரிகிற மாதிரி வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். கூட்டத்தில் ‘ஆல் பாஸ்’ என்று கத்தி முடிப்பார்களே, அப்போது எழுந்து, இந்தப் பொருளுக்கு என் ஆட்சேபனையை மினிட்டில் பதிவு செய்யுங்கள் என்று சொல்லுங்கள். அடுத்த நாள் அதையே கடிதமாகவும் கொடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எம்.எல்.ஏ.க்கு அவைக்குள் பேசுவதற்கு அரசியல் சாசனம் 194-ஆவது பிரிவில் பாதுகாப்பு கொடுக்கிறது. கவுன்சிலருக்கு அந்தக் கவசம் கிடையாது. ‘திருடறாங்க’ என்று நீங்கள் பொத்தாம் பொதுவாகச் சொன்னால் அவதூறு வழக்கு வரலாம். ‘பூட்டிய கழிப்பறைக்கு எட்டு மாதம் பில், இதோ நகல்’ என்று சொன்னால் வழக்குப் போட வருகிறவன் முதலில் தன் வக்கீலைக் கேட்டுவிட்டுத்தான் வருவான். சத்தத்தைக் குறைக்க வேண்டாம். காகிதத்தைக் கூட்டுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தலைவரிடம் நீங்கள் சொன்ன அந்த வாக்கியம். சரியான வாக்கியம், ஆனால் போய் விழுந்த இடம் தப்பு. கணவர் உட்கார்ந்திருந்தார், அதற்கு அவமானப்பட்டது அவர் மனைவி. 2016-இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீதம் என்று சட்டம் திருத்தினோம், நல்லது. ஆனால் வேட்பு மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் அழைத்து வரப்பட்ட பெண்கள் அதில் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் தலைவர் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அந்த நாற்காலியில் உட்கார அவருக்கே வீட்டில் அனுமதி இருக்கிறதோ என்னவோ. உறுப்பினர் அல்லாத ஒருவர் மன்றத்தில் எந்த விதியின் கீழ் உட்காருகிறார் என்று செயல் அலுவலரைக் கேட்டிருக்க வேண்டும், எழுத்தில். அவரை வெளியே அனுப்ப வேண்டியதும் அதிகாரியின் வேலைதான். தலைவரை மட்டும் தனியாக, கோயிலிலோ கல்யாண வீட்டிலோ, எங்கேயாவது கணவர் இல்லாத இடத்தில் பாருங்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், ‘அக்கா, உங்களைச் சொல்லலை’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பில்லில் கையெழுத்து அவருடையதுதானே, நாளை விசாரணை என்று வந்தால் கணவர் வந்து நிற்க மாட்டார், இவர்தான் நிற்க வேண்டும். அதையும் அவரிடம் சொல்லலாம், மிரட்டலாக இல்லாமல், எச்சரிக்கையாக.

நீங்கள் எந்தச் சாதி என்று எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவேளை பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால் உங்கள் கையில் இன்னொரு சட்டம் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015-இல் வந்த திருத்தத்தில், ஊராட்சி, நகராட்சி உறுப்பினரையோ தலைவரையோ கடமையைச் செய்யவிடாமல் மிரட்டினாலோ தடுத்தாலோ அதுவே குற்றம் என்று 3(1)(எம்) பிரிவு தனியாகச் சொல்கிறது. 2020-இல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர் ஒருவரைச் சுதந்திர தினக் கொடியை ஏற்றவிடாமல் தடுத்தார்கள். செய்தி வெளியே வந்ததும் ஐந்தாம் நாள் கலெக்டரே வந்து நின்று அவரைக் கொடியேற்ற வைத்தார். அதே வருஷம் அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் பெண் தலைவரைக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்த விஷயம் ஒரே ஒரு புகைப்படத்தால்தான் வெளியே வந்தது.

எல்லாப் பெண்களுக்குமான அப்படி ஒரு சட்டம் நம்மிடம் இல்லை. பொலிவியாவில் இருக்கிறது. ஹுவானா கிஸ்பே என்ற பெண் கவுன்சிலரைப் பதவியில் வேலை செய்யவிடாமல் தொந்தரவு செய்துகொண்டே இருந்தார்கள், கடைசியில் 2012 மார்ச்சில் அவர் கொலை செய்யப்பட்டார். அந்த வருஷம் மே மாதம் அரசியலில் பெண்கள் மீதான துன்புறுத்தலுக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டார்கள். நம் ஊரில் கட்சிக்குள் பாலியல் தொல்லை என்றால்கூடப் போய் நிற்க இடம் இல்லை. கட்சிக்கும் உறுப்பினருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை, அதனால் பணியிடப் பாலியல் தொல்லைச் சட்டம் சொல்கிற உள்புகார்க் குழு அமைக்கத் தேவையில்லை என்று 2022-இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை. ஆனால் உங்கள் பாதுகாப்புக்குக் கட்சியை நம்பி உட்கார முடியாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காரணத்துக்காகவே கட்சியை இப்போது விடாதீர்கள் என்றும் சொல்வேன். கோபத்தில் எழுதிய ராஜினாமாக் கடிதத்தை வாங்கிக்கொள்ள எல்லாரும் தயாராக இருப்பார்கள். செயலாளரிடம் சண்டை போடாமல், ‘அண்ணே, எஃப்.ஐ.ஆர். போடச் சொல்லி நீங்களும் ஒரு போன் பண்ணுங்க’ என்று உதவி கேளுங்கள். செய்கிறாரா இல்லையா என்பதிலேயே அடுத்த தடவை சீட்டு இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். சீட்டு இல்லை என்றால் என்ன செய்வது என்பதை அப்போது பார்க்கலாம், சுயேச்சையாக ஜெயித்த கவுன்சிலர்கள் தமிழ்நாட்டில் நிறையவே இருக்கிறார்கள்.

பெண்ணியவாதி என்ற சொல்லைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அது ஓடுகிறது. மேடைக்கு மேடை அதைச் சொல்ல வேண்டியதில்லை. யாராவது கேட்டால் மறுக்கவும் வேண்டாம். உங்கள் வார்டில் பழைய திருமண உதவி மனுக்களைப் பார்த்திருப்பீர்கள், அதன் மேலே மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் என்று ஒரு பெயர் இருக்கும். தாலிக்குத் தங்கம் தந்த திட்டத்தின் பெயர் என்றுதான் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். தேவதாசி முறைக்கு எதிராகப் பேசியதற்காக ஒரு கூட்டத்தில் அவருடைய கூந்தலை அறுத்தார்கள் என்றும், அதன் பிறகு அவர் முடி வளர்க்காமல் கிராப்போடே இருந்தார் என்றும் அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1938-இல், ஐம்பதைத் தாண்டிய வயதில், திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்து போன இந்தி எதிர்ப்புப் படையில் அவர் இருந்தார். அவரையும் அன்றைக்கு என்னென்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவர் பெயரில்தான் இன்று அரசாங்கம் மனு அச்சடிக்கிறது.

கணவர் பயப்படுவதில் தப்பில்லை, எனக்கே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது பயமாகத்தான் இருந்தது. அவரையும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள், ஆனால் பேசுவது நீங்களாக இருங்கள். இதையும் தனியாகச் செய்யாதீர்கள். தூய்மைப் பணியாளர் பெண்கள், பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர்கள், கட்சி எதுவாக இருந்தாலும் மற்ற பெண் கவுன்சிலர்கள், இவர்களுக்குத்தான் அந்தக் கழிப்பறை வேண்டும். இருபது பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று கலெக்டரின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போகட்டும், உங்கள் கையெழுத்து அதில் நடுவில் எங்காவது இருக்கட்டும்.

ஒரு விஷயம் மட்டும் கடிதத்தில் விட்டுப் போயிருக்கிறது. பூட்டியிருக்கிறது என்கிறீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதவில்லை. அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள், பதில் சொன்னவர் பெயரோடு மினிட்டில் எழுதச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் கிடைத்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.